ஜார்ஜியா ஜம்பர்

அமெரிக்காவின் ஜார்ஜியா கரையில் டேரியன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே இறால் பிடித்த சிங்கி பூனுக்கு ஆமைகளைப் பற்றிப் பெரிய கவலை எதுவும் இல்லை. இழுவலையில் பந்துபந்தாகச் சொறி மீன் வந்து அடைத்ததுதான் தொல்லை. 1960-களின் இறுதியில் வலையின் வயிற்றுக்கும் மடிக்கும் நடுவே சாய்வாக ஒரு கம்பிச் சட்டத்தைக் கட்டி, அதன் முனையில் வலையில் ஒரு திறப்பும் விட்டார். இறால் கம்பி இடுக்கில் நுழைந்து மடிக்குப் போய்விடும். பெரிதாக எது வந்தாலும் கம்பியில் முட்டி, சாய்வில் வழுக்கி வெளியேறிவிடும். ஜார்ஜியா ஜம்பர் என்ற பெயர் அதற்கு நிலைத்தது.

ஆமை நுரையீரலால் மூச்சு விடுவது. மணிக்கணக்கில் இழுபடும் வலைக்குள் சிக்கினால் மூச்சுமுட்டிச் சாகும். அதைத் தடுக்க அமெரிக்க அரசு விஞ்ஞானிகள் 1980-களின் தொடக்கத்தில் செய்த கருவி பெரிய இரும்புக் கூண்டு. ஆமை தப்பியது, ஆனால் அந்தக் கூண்டைத் தூக்கிக் கடலில் விடுவதே பெரும்பாடு. மீனவர்கள் தொடவில்லை. பிறகுதான் பூனுடைய இலகுவான சட்டம் போன்றவையும் ஏற்கப்பட்டன. 1987-இல் கருவி கட்டாயம் என விதி வந்தது. மீனவன் தன் வசதிக்குச் செய்த பொருள் அதிகாரியின் உத்தரவாகத் திரும்பி வந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? 1989 ஜூலையில் இறால் மீனவர்கள் டெக்சாஸ் துறைமுக வாய்களைப் படகுகளால் அடைத்தார்கள். திறப்பு வழியே இறாலும் போகிறது என்பது அவர்கள் குறை. அது பொய்யான குறையும் அல்ல.

அதே ஆண்டு அமெரிக்கா, ஆமைக்கு இணையான காப்பு இல்லாத நாடுகளின் இறாலை வாங்குவதில்லை என்று சட்டம் போட்டது. 1996-இல் தடை உலகம் முழுவதற்கும் விரிந்தது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்பிடம் போயின. ஆமையைக் காப்பது சரி, நாட்டுக்கு நாடு பாரபட்சமாக நடத்தியதுதான் தவறு என 1998-இல் தீர்ப்பானது.

கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் வலைகளுக்கு ஏற்ற கருவியை உருவாக்கியிருக்கிறது. ஆனாலும் இந்தியக் கடல் இறாலுக்கு அமெரிக்கச் சந்தை மீண்டும் மூடப்பட்டது. அங்கே போகும் நம் இறாலில் பெரும்பகுதி பண்ணையில் வளர்ந்தது. அதற்கு இந்தத் தடை இல்லை; ஆகவே தடையின் அடி கடலுக்குப் போகும் படகுகள்மேல் மட்டுமே விழுகிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. விசைப்படகுக்காரர்களிடம் கருவியைக் கட்டச் சொன்னால், டெக்சாஸ்காரர் கேட்டதையே அவர்களும் கேட்கிறார்கள்: திறப்பு வழியே போகிற இறால் யார் கணக்கில்?