ஒரு கையொப்பத்தின் விலை



பள்ளியாண்டின் கடைசி வாரம் வந்துவிட்டால் ஆறாம் ஆண்டு வகுப்பில் பாடம் நடத்துவது இயலாத செயல். மாணவர்கள் ஆளுக்கொரு ஆட்டோகிராப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஆசிரியர் அறை வாசலில் நிற்பார்கள். சென்ற முறை அப்படி நின்றவர்களுள் ஒருவன் சற்றுக் குறும்புக்காரன். புத்தகத்தை நீட்டிக்கொண்டே, "ஐயா, உங்க கையெழுத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டான். அருகில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, "அமெரிக்காவில் உண்மையாகவே காசு வாங்குவார்கள், தெரியுமா?" என்றேன். யாரும் நம்பவில்லை. "சும்மா சொல்றீங்க" என்றாள் ஒரு மாணவி.

அன்று மணி அடித்துவிட்டதால் சொல்ல முடியாமல் போன கதையை இங்கே எழுதி வைக்கிறேன்.

நம் நாட்டில் காற்பந்தும் பூப்பந்தும் எப்படியோ, அமெரிக்காவில் பேஸ்பால் அப்படி. அங்கே விளையாட்டு நினைவுப்பொருள் கண்காட்சிகள் என்றொரு வழக்கம் உண்டு. விடுதி மண்டபத்திலோ மாநாட்டு மையத்திலோ வார இறுதியில் நடக்கும். பழைய அட்டைகள், மட்டைகள், சட்டைகள், நிழற்படங்கள் ஆகியவை மேசை மேசையாக விற்பனைக்கு இருக்கும். மண்டபத்தின் ஒரு மூலையில் பழைய விளையாட்டாளர் ஒருவர் அமர்ந்து கையொப்பமிட்டுக்கொண்டிருப்பார். அவரைப் பார்க்க நுழைவுச் சீட்டு போதாது. கையொப்பத்திற்கென்று தனிச் சீட்டு வாங்க வேண்டும்.

அந்தச் சீட்டின் விலைப்பட்டியலைப் படித்துப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றும். நிழற்படத்திற்கோ அட்டைக்கோ ஒரு விலை. பந்துக்கு அதைவிடக் கூடுதல். மட்டைக்கும் சட்டைக்கும் இன்னும் கூடுதல். பெயருக்குக் கீழே "ஹால் ஆஃப் பேம்" என்றோ, தாம் வென்ற ஆண்டையோ எழுத வேண்டுமானால் அதற்குத் தனிக் கட்டணம். கூட நின்று படமெடுத்துக்கொள்ள வேறொரு சீட்டு. எழுதுகோலுக்கும் முறை உண்டு. பந்தில் நீல நிறப் பந்துமுனைப் பேனாவால் எழுத வேண்டும். அதுவும் தையல்கள் இரண்டும் மிக நெருங்கி வருகின்ற அந்தச் சிறிய வெள்ளைப் பரப்பில் எழுத வேண்டும். இடம் தவறினால் பந்தின் மதிப்புக் குறைந்துவிடும்.

விலை ஏன் இப்படி ஏறுகிறது? கண்காட்சியை நடத்துபவர் விளையாட்டாளரிடம் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்கிறார். இத்தனை கையொப்பங்களுக்கு இவ்வளவு தொகை என்று உறுதியளிக்கிறார். கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் அத்தொகையைக் கொடுத்தாக வேண்டும். விமானச் செலவு, தங்கும் செலவு, மண்டப வாடகை எல்லாம் அவர் தலையில். இவ்வளவையும் எண்ணிக்கையால் வகுத்து, தம் இலாபத்தையும் சேர்த்துத்தான் சீட்டின் விலையை வைக்கிறார். வரிசை மெதுவாக நகர்ந்தால் அவருக்கு நட்டம். ஆகவே மேசையருகே ஓர் உதவியாளர் நின்று, "அடுத்தவர், அடுத்தவர்" என்று விரட்டிக்கொண்டே இருப்பார். இருபது ஆண்டுகள் வழிபட்ட நாயகனோடு அன்பருக்குக் கிடைப்பது சில நொடிகள்.

தொடக்கத்தில் இப்படி இல்லை. 1948ஆம் ஆண்டு மறைந்த பேப் ரூத், வாழ்நாள் முழுவதும் சிறுவர்களுக்குக் கணக்கில்லாமல் கையொப்பமிட்டவர். அவர் அன்று சும்மா எழுதிக் கொடுத்த பந்துகளில் சில இன்று ஏலத்தில் இலட்சக்கணக்கான டாலருக்குப் போகின்றன. 1970ஆம் ஆண்டுகளில் அட்டை சேகரிப்போர் கூடிய சிறு கண்காட்சிகளில்கூட, அழைக்கப்பட்ட விளையாட்டாளருக்கு நடத்துபவர் ஒரு சிறு தொகையைக் கொடுத்துவிடுவார். வந்தவர்களுக்குக் கையொப்பம் இலவசம். பிறகு ஓரிரு டாலர் வாங்கத் தொடங்கினார்கள். 1980இல் லாஸ் ஏஞ்சலஸில் தேசிய அளவிலான சேகரிப்பாளர் மாநாடு முதன்முறையாக நடந்தது. அந்தப் பத்தாண்டுக்குள் பழைய அட்டைகளின் விலை விண்ணை முட்டியது. கையொப்பத்தின் விலையும் அதனுடன் சேர்ந்து ஏறியது. ஜோ டிமாஜியோவின் கடைசிக் காலத்தில் அவர் கையொப்பமிட்ட பந்து ஒன்றுக்கு நூறு டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் பலர், "பேராசை பிடித்தவர்கள்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. ஊதியக் கணக்கைப் பாருங்கள். 1967இல் அமெரிக்கப் பெருந்தொடர் பேஸ்பால் விளையாட்டாளரின் சராசரி ஆண்டு ஊதியம் ஏறத்தாழ 19,000 டாலர். அக்காலத்தில் ஒருவர் ஓர் அணியில் சேர்ந்துவிட்டால், அவ்வணி விடும்வரை வேறு அணிக்குப் போக முடியாது. கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். 1975 டிசம்பரில் நடுவர் பீட்டர் சைட்ஸ் வழங்கிய தீர்ப்புதான் அந்தக் கட்டை உடைத்தது. அதன்பின் 1990இல் சராசரி ஊதியம் ஆறு இலட்சம் டாலரை நெருங்கியது.

இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர்கள்தாம் 1950, 1960களின் நாயகர்கள். மிக்கி மேண்டில் உச்சத்தில் இருந்தபோது வாங்கியது ஆண்டுக்கு ஒரு இலட்சம் டாலர். அவருடைய காலத்தில் அது பெரும் தொகைதான். ஆனால் 1968க்குப் பிறகு அதுவும் நின்றுபோனது. 1983இல் அட்லாண்டிக் சிட்டியில் உள்ள ஒரு சூதாட்ட விடுதியில் வாடிக்கையாளர்களை வரவேற்கும் வேலையை ஏற்றார். அதற்காகவே பேஸ்பால் ஆணையர் போவி கூன் அவரை விளையாட்டிலிருந்து விலக்கி வைத்தார். 1985இல்தான் அத்தடை நீங்கியது. அதே மேண்டில் பிற்காலத்தில் மேசைக்கு முன் அமர்ந்து பெயரெழுதிச் சம்பாதித்தது, மட்டை பிடித்துச் சம்பாதித்ததைவிட அதிகம். அணி முதலாளிகள் கொடுக்காமல் விட்ட கூலியை அன்பர்கள் தவணை முறையில் கொடுத்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பாப் ஃபெல்லர் என்ற பந்துவீச்சாளரையும் இங்கே குறிப்பிட வேண்டும். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் சேர்ந்து, விளையாட்டு வாழ்க்கையின் மிகச் சிறந்த ஆண்டுகளைப் போருக்குக் கொடுத்தவர். முதுமையில் ஊர் ஊராகப் போய்க் குறைந்த கட்டணத்தில் சலிக்காமல் கையொப்பமிட்டார். ஃபெல்லரின் கையொப்பம் இல்லாத பந்துதான் கிடைத்தற்கரிய பொருள் என்று சேகரிப்பாளர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

பணம் கைக்குக் கை மாறியதில்தான் துன்பம் தொடங்கியது. கண்காட்சிகளில் பெரும்பாலும் ரொக்கமாகவே கொடுத்தார்கள். சீட்டு இல்லை, காசோலை இல்லை. வரித் துறை விழித்துக்கொண்டது. பேஸ்பால் வரலாற்றிலேயே மிக அதிகமாக 4,256 முறை பந்தை அடித்துத் தளம் அடைந்த பீட் ரோஸ், சூதாட்டத்திற்காக 1989இல் வாழ்நாள் தடை பெற்றவர் என்பது பலருக்குத் தெரியும். அவர் சிறை சென்றது சூதாட்டத்திற்காக அன்று. கையொப்பம், நினைவுப்பொருள் விற்பனை, குதிரைப் பந்தயம் ஆகியவற்றில் 1984 முதல் 1987 வரை வந்த 3,54,968 டாலர் வருமானத்தைக் கணக்கில் காட்டவில்லை என்பதற்காகத்தான் 1990இல் ஐந்து மாதச் சிறையும் 50,000 டாலர் தண்டமும் விதிக்கப்பட்டன. 1995இல் டாரில் ஸ்ட்ராபெரிக்கு இதே போன்ற குற்றத்திற்காக ஆறு மாத வீட்டுக்காவல்.

என்னை மிகவும் வருத்திய வழக்கு டியூக் ஸ்னைடருடையது. 1953 முதல் 1957 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் நாற்பதும் அதற்கு மேலும் ஹோம் ரன் அடித்தவர் அவர். 1955இல் புருக்ளின் டாட்ஜர்ஸ் அணி வெற்றிக் கிண்ணத்தை வென்றபோது அந்நகரமே அவரைத் தோளில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1995இல், கண்காட்சி வருமானத்தை மறைத்த குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டு நின்ற நீதிமன்றமும் அதே புருக்ளினில்தான் இருந்தது. அவருடன் 521 ஹோம் ரன் அடித்த வில்லி மெக்கோவியும் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இருவருக்கும் இரண்டு ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் தலா 5,000 டாலர் தண்டமும் கிடைத்தன. மெக்கோவிக்கு 2017 ஜனவரியில் அதிபர் ஒபாமா மன்னிப்பு வழங்கினார். ஸ்னைடர் அதற்கு முன்பே, 2011இல், மறைந்துவிட்டார்.

வரி ஏய்ப்பு குற்றம்தான். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. தோட்டத்தில் பால் மரம் வெட்டிய என் தந்தையார் ஒரு காசு மறைத்ததில்லை.

விலை ஏறிய பொருளுக்குப் போலி வராமல் இருக்குமா? சான் டியேகோ அணியின் டோனி குவின், தம் அணியின் கடையிலேயே தாம் போடாத கையொப்பங்கள் தம் பெயரில் விற்பனைக்கு இருப்பதைக் கண்டார். எஃப்.பி.ஐ. நடத்திய "ஆப்பரேஷன் புல்பென்" விசாரணையில் 1999ஆம் ஆண்டு அக்டோபரில் பெரும் சோதனைகள் நடந்தன. ஒரு குடும்பமே உட்கார்ந்து, இறந்தவர் இருப்பவர் என்ற வேறுபாடின்றி எல்லார் கையொப்பத்தையும் எழுதித் தள்ளியிருந்தது. பிடிபட்டவற்றில் அன்னை தெரேசா கையொப்பமிட்ட பேஸ்பால் பந்தும் ஒன்று! அன்னை எந்த அணிக்கு ஆடினார் என்று வாங்கியவர்கள் கேட்டிருக்க வேண்டாமா?

இதன் விளைவு அன்பரின் பணப்பையில்தான் விழுந்தது. கையொப்பத்திற்குக் கொடுத்த பிறகு, அது உண்மையானது என்று சான்று வழங்கும் நிறுவனத்திற்கும் கட்டணம் கட்ட வேண்டிய நிலை வந்தது. 2001 முதல் பெருந்தொடர் பேஸ்பால் அமைப்பே ஆள்களை நியமித்துக் கையொப்பமிடுவதை நேரில் பார்த்து, எண்ணிட்ட ஒளிர் முத்திரையை ஒட்டுகிறது. அப்பணியில் காவல் துறையில் பணியாற்றியவர்களே மிகுதி. ஒரு மனிதர் தம் பெயரை எழுதுவதற்குக் காவலர் சாட்சி.

இவற்றையெல்லாம்விட என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது ஒரு சிறிய செய்தி. விலை ஏறியவுடன் வியாபாரிகள் சிறுவர்களுக்குக் காசு கொடுத்து, விளையாட்டரங்க வாசலில் இலவசக் கையொப்பம் வாங்கிவரச் சொன்னார்கள். குழந்தைதானே என்று விளையாட்டாளர் எழுதிக் கொடுப்பார். மறுநாள் அது கடையில் இருக்கும். இதைத் தெரிந்துகொண்ட விளையாட்டாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். "உன் பெயர் என்ன?" என்று கேட்டு, "இன்னாருக்கு" என்று முதலில் சிறுவனின் பெயரை எழுதிவிட்டுப் பிறகு தம் பெயரை எழுதினார்கள். சேகரிப்பவன் மகிழ்ச்சியோடு வாங்கிப் போவான். விற்பவன் முகம் சுளிப்பான். ஏனென்றால் வேறொருவர் பெயர் எழுதியிருந்தால் சந்தையில் விலை குறைந்துவிடும். சிலர் அந்தப் பெயரை அழிக்கவும் முயல்கிறார்கள்.

பீட் ரோஸ் 2024 செப்டம்பர் 30ஆம் நாள் தம் 83ஆம் வயதில் மறைந்தார். அதற்கு முந்திய நாள்கூட நாஷ்வில் நகருக்கு அருகே நடந்த ஒரு கண்காட்சியில், சக்கர நாற்காலியில் அமர்ந்து, பழைய அணித்தோழர்களுடன் கையொப்பமிட்டுக்கொண்டிருந்தார். வாழ்நாள் தடையை அவர் இறந்த பிறகு 2025 மே மாதத்தில்தான் நீக்கினார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் விளையாட்டு அவரை ஒதுக்கி வைத்திருந்தது. கையொப்ப மேசை ஒதுக்கவில்லை. அவருக்குப் பணம் மட்டுமா தேவைப்பட்டது, தம்மைப் பார்க்க ஒரு வரிசை நிற்பதும் தேவைப்பட்டதா என்று நான் எண்ணிப் பார்த்ததுண்டு.

என்னிடமும் பயிற்சிக் கல்லூரியில் படித்த நாளில் நண்பர்களிடம் வாங்கிய ஆட்டோகிராப் புத்தகம் ஒன்று உள்ளது. ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் என் பெயர் இருக்கிறது. அமெரிக்கக் கணக்குப்படி ஒரு காசு பெறாது.

அந்தக் குறும்புக்காரனின் புத்தகத்தை வாங்கிக் கையொப்பத்தை மட்டும் போட்டுக் கொடுத்தேன். அவன் திருப்பி நீட்டினான். "என் பேரையும் மேல எழுதுங்க ஐயா" என்றான். எழுதிக் கொடுத்தேன்.