மறைக்காடும் வேதாரணியமும்

பல ஆண்டுகளுக்கு முன்னர் அடியேன் மாணாக்கர் சிலர்க்குத் தேவாரப் பாடஞ் சொல்லி வருங்காலத்து, ஒருநாள் திருமறைக்காட்டுப் பதிகம் நடந்தது. பாடம் முடிந்தபின் ஒரு மாணாக்கன் எழுந்து, “ஐயா, இம்மறைக்காடு என்னும் ஊர் இக்காலத்து உளதோ, கடல்கோட்பட்டு அழிந்ததோ?” என்று வினவினான். அவனது ஊர் யாதெனக் கேட்டேன். “வேதாரணியம்” என்றான். அடியேன் சிறிது நேரம் வாளாவிருந்தேன். தான் பிறந்து வளர்ந்த ஊரின் பதிகத்தை ஓதிக்கொண்டே, அவ்வூர் யாண்டுளது என அவன் வினவினான். அப்பிள்ளையின்மேற் குற்றம் யாதுமில்லை. ஒரு பெயர் மறைய மற்றொரு பெயர் நின்றமையே அதற்குக் காரணம். அன்று எழுந்த எண்ணத்தை ஈண்டு அன்பர்கள் முன் வைக்கின்றேன்.

சோழநாட்டுக் காவிரித் தென்கரைத் தலங்களாக எண்ணப்படும் 127 தலங்களுள் இறுதியில் நிற்பன மறைக்காடு, அகத்தியான்பள்ளி, கோடி என்னும் மூன்றுமாம். இவை இக்காலத்து நாகப்பட்டினம் மாவட்டத்தில், கடற்கரை தெற்கே ஓடி மேற்கே திரும்பும் மூலையில் அடுத்தடுத்து உள்ளன. இவற்றுள் மறைக்காடு வேதாரணியம் எனவும், கோடி கோடிக்கரை எனவும் வழங்குகின்றன. ஐரோப்பிய மாலுமிகள் அம்முனையைக் ‘காலிமீர்’ என்றனர். ஆகவே தமிழும் வடமொழியும் பிறநாட்டார் மொழியும் இச்சிறு நிலப்பகுதியின்மேல் தத்தம் பெயர்களை இட்டிருக்கின்றன.

தமிழூர்ப் பெயர்கள் வடமொழிக்கட் சென்ற நெறி ஒருதன்மைத்தன்று. முதுகுன்றம் விருத்தாசலம் ஆயிற்று. முதுமைக்கு விருத்தமும் குன்றிற்கு அசலமும் நேராய் நின்றன. வெண்காடு சுவேதாரணியம் ஆயிற்று, அதுவும் அன்னதே. மயிலாடுதுறை மாயூரம் ஆகியபோது மயில் நின்றது. ஆடலும் துறையும் போயின. காவிரித்துறையாற் பெயர்பெற்ற ஊர்க்குத் துறையே இல்லாத பெயர் வழங்கலாயிற்று. 1982-ஆம் ஆண்டில் அரசினர் மயிலாடுதுறை என்னும் பழம்பெயரை மீட்டளித்தது யாவரும் அறிந்ததே. சாய்க்காடு சாயாவனம் ஆனதோ வேறொரு வகை. சாய் என்பது தமிழிற் கோரைப்புல். சாயா என்பது வடமொழியில் நிழல். ஓசை ஒத்தது, பொருள் ஒத்திலது. ஆகவே பொருள் முழுதும் பெயர்வதும், ஒரு கூறு பெயர்ந்து மற்றொரு கூறு ஒழிவதும், ஓசை பற்றிப் பொருள் திரிவதும் என இம்மாற்றம் மூவகைப்படும்.

இம்மூவகையுள் மறைக்காடு எதன்பாற்படும்? மறை என்பது வேதம். காடு என்பது ஆரணியம். ஆதலின் முதல்வகையினதே எனப் பலருங் கூறுவர். அடியேனும் நெடுங்காலம் அங்ஙனமே கூறிவந்தேன். அதன்கண் ஒரு நுட்பம் உளதாதல் பின்னரே விளங்கிற்று. அதனைக் கூறுமுன் ஓர் ஐயத்தை நீக்குதல் வேண்டும்.

இத்தலத்தின் பெயர் முதற்கண் ‘மரைக்காடு’ என இடையின ரகரத்தால் வழங்கிற்று என்றும், மரை என்னும் மானினம் உலாவிய காடாதலின் அப்பெயர் பெற்றது என்றும், பின்னரே மறை எனத் திரித்து வேதத்தோடு இயைத்தனர் என்றும் கூறுவாருளர். கோடிக்கரைக் காட்டில் இன்றும் மான்கள் கூட்டங்கூட்டமாய்த் திரிதலும், அவற்றின் பொருட்டு அக்காடு 1967-ஆம் ஆண்டில் காப்பிடமாக்கப்பட்டமையும் இக்கொள்கைக்கு அரண் செய்வனபோல் தோன்றும். ஆயின் அங்குள்ள முறுக்குக் கொம்புடைய மான் இரலை என்று பழநூல்கள் கூறும் இனத்தது என்பர். அந்நூல்கள் மரையையும் இரலையையும் வெவ்வேறு விலங்காகவே வைத்துக் கூறும். அன்றியும், ஏழாம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தர் இத்தலத்துக் கதவம் அடைக்கப் பாடிய பதிகத்தின் முதற்பாட்டிலேயே, மறைகள் தாமே துதிசெய்து வணங்கிய இடம் இஃது என்பதைக் குறித்தருளினர். மறை என்னும் வல்லின றகரப் பெயரும் அதன் பொருளும் அன்றே உறுதியாய் நின்றன என்பது இதனாற் பெறப்படும். அதற்கு முற்பட்ட வழக்குக்குச் சான்று கிடையாதவழி, கிடைத்த சான்றின்மேல் நிற்றலே முறையாம்.

இனி, மேற்கூறிய நுட்பத்தைக் கூறுதும். வடமொழியில் வேதம் என்பது ‘வித்’ என்னும் பகுதியடியாகப் பிறந்தது. அப்பகுதிக்கு அறிதல் என்பது பொருள். ஆகவே வேதம் என்றால் அறிவு, அறிவிப்பது. தமிழில் மறை என்பதோ மறைதல், மறைத்தல் என்னும் வினையடியாகப் பிறந்தது. மறைந்திருப்பது, மறைபொருளை உடையது என்பது அதன் பொருள். தொல்காப்பியனாரும் மந்திரத்தை மறைமொழி என்றே வழங்கினார். எனவே இரு சொல்லும் குறிக்கும் நூல் ஒன்றேயாயினும், ஒன்று அதனை வெளிப்படுப்பது என நோக்கிற்று. மற்றொன்று அதனையே மறைந்துகிடப்பது என நோக்கிற்று. அகராதி நோக்குவார்க்கு மறையும் வேதமும் ஒருபொருட் கிளவிகள். சொல்லின் வேரை நோக்குவார்க்கு அவை எதிரெதிர் முகம் பார்த்து நிற்பன.

இவ்விரு முகமும் ஒருங்கே விளங்கிய தலம் திருமறைக்காடே என்பதை நினையுந்தோறும் வியப்பு மேலிடுகின்றது. மறைகள் இறைவனைப் பூசித்துத் திருக்கதவைக் காப்பிட்டுச் சென்றன என்றும், அதன்பின் அடியார்கள் வேறொரு வாயில் வழியாகச் சென்றே வழிபட்டு வந்தனர் என்றும் பெரியபுராணங் கூறும். திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் ஒருங்கே அங்கு எழுந்தருளியபோது, சம்பந்தர் வேண்ட, அரசர் திறக்கப் பாடினர். கதவம் எளிதில் திறந்திலது. பதிகத்தின் இறுதிப்பாட்டில் இறைவனை நோக்கி இரக்கமில்லையோ என முறையிட்ட பின்னரே திறந்தது. பின்னர்ச் சம்பந்தர் அடைக்கப் பாட, முதற்பாட்டிலேயே அடைத்துக்கொண்டது. திறத்தல் அரிதாயிற்று, அடைத்தல் எளிதாயிற்று. அதனை நினைந்து அரசர் வருந்தினர் என்பதும், இறைவன் அவர்க்குக் கனவில் தோன்றி வாய்மூர்க்கு வருக என அழைத்தருளினன் என்பதும் அன்பர்கள் அறிந்தனவே.

நம் சித்தாந்தம் இறைவனது ஐந்தொழிலுள் மறைத்தலையும் ஒன்றாக வைத்தது. திரோதான சத்தி உயிரைத் துன்புறுத்தற்கு மறைப்பதன்று. மலம் பரிபாகம் எய்துதற்பொருட்டே மறைக்கின்றது. பரிபாகம் எய்திய காலத்து அச்சத்தியே அருட்சத்தியாய் நின்று விளக்குகின்றது. மறைத்ததும் அதுவே, காட்டியதும் அதுவே. அங்ஙனமாயின், அடைத்த கதவும் திறந்த கதவும் ஒரு கதவேயாதல்போல, மறை என்ற பெயரும் வேதம் என்ற பெயரும் ஒரு பொருளின் ஈரிடத்து நிலைகளைச் சுட்டின எனக் கொள்ளுதல் தகும். இஃது அடியேன் கருத்து. சொல்லாராய்ச்சி வல்லார் இதனை ஆய்ந்து கொள்வாராக.

ஆகவே வேதாரணியம் என்னும் பெயரை இகழ்தல் அடியேன் நோக்கமன்று. காட்டின்கண் இருந்து ஓதப்படும் வேதப்பகுதி ஆரணியகம் எனப்படுமாதலின், வேதத்தையும் ஆரணியத்தையும் இணைத்த அப்பெயர்க்குத் தனியே ஒரு சிறப்பும் உண்டு. 1930-ஆம் ஆண்டில் இராசகோபாலாசாரியார் தலைமையில் திருச்சிராப்பள்ளியினின்று நடந்துவந்த தொண்டர்கள் அங்கு உப்பெடுத்தபோது, அவ்வூர் நாடெங்கும் அறியப்பட்டதும் அப்பெயராலேயே. அடியேன் வருந்துவது ஒன்றற்கே: வேதாரணியம் மட்டும் நிற்குமாயின் அறிவிப்பது என்னும் முகம் நிற்கும், மறைந்திருப்பது என்னும் முகம் அப்பெயருள் இல்லை.

அம்மையின் திருப்பெயரிலும் இத்தகைய ஒன்று நிகழ்ந்தது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் அங்குப் பாடிய பதிகத்தின் தொடக்கத்தாற் பெற்ற பெயர் யாழைப்பழித்த மொழியாள் என்பது. வடமொழியில் அது வீணாவாத விதூஷணி ஆயிற்று. அம்மையின் இன்மொழிக்கு நாணி, அத்தலத்துக் கலைமகள் வீணையின்றிச் சுவடி ஏந்தி இருக்கின்றாள் என்பதும் அங்கு வழங்கும் வரலாறு. வீணை என்னுஞ் சொல் தேவாரத்தும் உளதே. ஆயினும் யாழ் வேறு கருவி. அதன் வடிவும் நரம்பும் இன்னவென்று அறிதற்கு விபுலாநந்த அடிகள் பல்லாண்டு உழைத்து 1947-ஆம் ஆண்டில் யாழ் நூலை வெளியிட வேண்டியதாயிற்று. கருவி மறைந்தபின்னும் அதன் பெயரைக் காத்து நின்றவற்றுள் அம்மை திருப்பெயரும் ஒன்று.

கோடியின் வரலாறு வேறு. கோடி என்பது முனை, எல்லை, கடை என்னும் பொருளது. நிலம் முடிந்து கடல் தொடங்குமிடம் ஆதலின் அப்பெயர் பொருந்திற்று. தென்கரைத் தலவரிசையும் அங்கேயே முடிகின்றது. சேரமான் பெருமாளோடு அங்குச் சென்ற சுந்தரர், கடற்காற்று வீசும் அத்தனியிடத்தே குழகர் துணையின்றி இருத்தல் கண்டு மனம் நொந்து பாடினர். அப்பாடலின் இரக்கமெல்லாம் கோடி என்பதற்குக் கடையெல்லை எனப் பொருள்கொள்வார்க்கே விளங்கும். நூறு நூறாயிரம் என்னும் எண்ணாகக் கொள்வார்க்கு விளங்காது. மாலுமிகள் வழங்கிய காலிமீர் என்பது கள்ளிமேடு என்பதன் சிதைவென அறிஞர் பலர் கருதுவர். அவர்கள் கடலிலிருந்து கண்டது கள்ளி வளர்ந்த மேடு ஒன்றே. அங்குள்ள குழகரை அவர்கள் அறியார்; ஆதலின் அவர்கள் படத்தில் குழகர்க்கு இடமில்லை. ஊரைக் கண்டவர் எத்திறத்தாரோ, அவர் இட்ட பெயரும் அத்திறத்தது.

இத்துணையுங் கூறியதன் பயன் யாதெனின், பெயரை மாற்றுக என அரசினரை வேண்டுதலன்று. நம் கையில் உள்ளது சிறியதொரு கடமை. தேவாரம் ஓதுவிப்போர் பதிகத் தலைப்பில் மறைக்காடு என்னும்போதே, இஃது இக்காலத்து வேதாரணியம் எனச் சொல்லுக. அவ்வூர்ப் பெற்றோர் தம் மக்கட்கு வேதாரணியம் என்னும்போதே, இது மறைக்காடு எனச் சொல்லுக. முதுகுன்றத்தார்க்கும் வெண்காட்டார்க்கும் சாய்க்காட்டார்க்கும் இஃது ஒக்கும்.

அன்று வினவிய மாணாக்கனுக்கு அடியேன் வேறொன்றும் விரித்துரைத்திலேன். “நீ விடுமுறைக்கு ஊர் செல்லும்போது திருக்கோயிலுக்குச் சென்று, அரசர் பாடிய பதிகத்தைத் திருக்கதவின் முன் நின்று ஓதி வருக” என்று மட்டும் கூறினேன். திரும்பி வந்தவன், “ஐயா, சிறுவயது முதல் அக்கதவின் வழியாகத்தான் போய்வந்தேன், அதுதான் இது என்று அறியாதிருந்தேன்” என்றான். அறியாமை நீங்கிய முகத்தை அன்று கண்டேன். எம்பெருமான் திருவருள் எல்லார்க்கும் அங்ஙனம் கதவு திறப்பதாக.

திருச்சிற்றம்பலம்.