வேங்கடவன் பெயரில் ஒரு வராகன்

வங்கி அட்டையின் முகப்பில் தம் குழந்தையின் படத்தையோ, வீட்டுப் பூனையின் படத்தையோ, தாமே வரைந்த கேலிச்சித்திரத்தையோ பதித்துக்கொள்ளும் வசதியை இந்திய வங்கிகள் சில அளிக்கின்றன. கோட்டக் மகிந்திரா வங்கியின் ‘மை இமேஜ்’, ஐசிஐசிஐ வங்கியின் ‘எக்ஸ்பிரஷன்ஸ்’ ஆகியவை இவ்வகைப் பற்று அட்டைகள். அட்டையின் அளவு உலகெங்கும் ஒன்றே: 85.60 மில்லிமீட்டர் நீளம், 53.98 மில்லிமீட்டர் அகலம். சில்லுக்கும் காந்தப்பட்டைக்கும் உரிய இடங்கள் முன்னரே வரையறுக்கப்பட்டவை. எஞ்சும் வெற்றிடமே அட்டைக்குரியவரின் ஆடுகளம். அங்கே பூனை இருந்தாலும் புலி இருந்தாலும் கடைக்காரருக்குக் கவலையில்லை. பணத்தை எடுக்கும் இயந்திரம் அப்படத்தைப் பார்ப்பதே இல்லை. படத்துக்கும் செலாவணிக்கும் எவ்வித உறவும் இல்லாததனாலேயே படம் விளையாட்டாக இருக்க முடிகிறது.

பணத்தின் முகத்தில் தனக்கு உகந்த உருவத்தை இட்டுக்கொள்ளும் ஆசை மிகப் பழையது. நெடுங்காலம் அது அரசர்க்கு மட்டுமே வாய்த்த ஆசையாக இருந்தது. அவ்வாசையின் சுவையான ஒரு வரலாறு திருப்பதியை அடுத்த சந்திரகிரியில் தொடங்கிச் சென்னைக் கோட்டையில் முடிகிறது. அவ்வரலாற்றில் படம் பணத்தின் ஓரத்தில் ஒட்டிய அலங்காரமாக இருக்கவில்லை. பணத்தை மக்கள் வாங்கியதே படத்தை நம்பித்தான்.

விசயநகரப் பேரரசின் பொற்காசு வராகன். எடை ஏறத்தாழ 3.4 கிராம், பரப்பு ஒரு விரல்நகத்தினும் சற்றே பெரிது. இச்சிறு பரப்பில் ஒவ்வோர் அரசரும் தத்தம் விருப்பத்தை எழுதினர். தொடக்ககாலக் காசுகளில் அனுமன் பாய்கிறான். இரண்டாம் அரிகரர் காலத்தில் உமாமகேசுவரரும் இலட்சுமிநாராயணரும் இணையராய் அமர்கின்றனர். கிருட்டிணதேவராயரின் காசில் குழந்தைக் கண்ணன் அமர்ந்திருக்கிறான். அச்சுதராயரோ இரு தலைகள் கொண்ட கண்டபேரண்டப் பறவையைத் தேர்ந்தார். அது தன் அலகுகளிலும் நகங்களிலும் யானைகளைத் தூக்கிச் செல்கிறது. நகத்தளவுப் பொன்னில் நான்கு யானைகளை ஏற்றிய அந்த அச்சுக்கொல்லனின் குறும்பை இன்றைய அட்டை வடிவமைப்பாளர் எவரும் எளிதில் விஞ்சிவிட முடியாது.

காசின் பின்புறத்தில் பெரும்பாலும் நாகரி எழுத்தில் அரசரின் பெயர் நிற்கும்: ‘ஸ்ரீ பிரதாப கிருஷ்ண ராய’, ‘ஸ்ரீ பிரதாபாச்யுத ராய’. முன்புறம் தெய்வம், பின்புறம் அரசன். இம்முறையை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னர் நிகழ்ந்த மாற்றம் எவ்வளவு பெரிது என்பது விளங்கும்.

திருமலைக்கும் விசயநகரப் பொன்னுக்கும் உள்ள உறவு இக்காசுகளுக்கும் முந்தியது. கிருட்டிணதேவராயர் 1513 முதல் பலமுறை திருமலைக்கு வந்தார். உதயகிரி வெற்றிக்குப் பின் 1514இல் 30,000 பொற்காசுகளால் வேங்கடேசருக்குக் கனகாபிடேகம் செய்ததை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. அவரும் திருமலாதேவி, சின்னாதேவி என்னும் தேவியர் இருவரும் கைகூப்பி நிற்கும் செப்புத் திருமேனிகள் இன்றும் திருமலைக் கோயிலின் உள்ளே நிற்கின்றன.  

1565இல் தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் வீழ்ந்தது. அரவீடு மரபினர் தெற்கே பெனுகொண்டாவுக்குப் பெயர்ந்தனர். அம்மரபின் திருமலைராயர் தம் காசில் இராமனையும் சீதையையும் அமர்த்தி, அருகில் இலக்குவனை நிறுத்தினார். அவருக்குப் பின் சீரங்கர். சீரங்கருக்குப் பின் 1586இல் இரண்டாம் வேங்கடர் பட்டமெய்தினார். இவரே தலைநகரைச் சந்திரகிரிக்குக் கொணர்ந்தவர். பிற்காலத்தில் வேலூருக்குப் பெயர்ந்தார், 1614இல் மறைந்தார். சந்திரகிரிக் கோட்டையின் ராஜமகால் இன்று தொல்லியல் துறையின் அருங்காட்சியகம்.

வேங்கடரின் வராகனில் ஒரு வளைவின் கீழ் வேங்கடேசர் நிற்கிறார். பின்புறத்தில் மூன்று வரிகளில் நாகரி எழுத்து: ‘ஸ்ரீ வேங்கடேச்வராய நம’. மொழியியல் நோக்கில் இது ஒரு சிறு புரட்சி. முந்தைய காசுகளில் இருந்தது எழுவாய் வடிவில் ஒரு பெயர்; இன்னான் வெளியிட்ட காசு என்னும் உரிமைக் கூற்று. இங்கே நான்காம் வேற்றுமை வந்து நிற்கிறது: ‘வேங்கடேசுவரனுக்கு வணக்கம்’. காசு அரசனைப் பற்றிப் பேசுவதை விடுத்துத் தெய்வத்தை நோக்கிப் பேசுகிறது. அரசன் பெயர் எங்கே? அரசனின் பெயரும் வேங்கடன்தானே. தெய்வத்தை வணங்கும் தொடருக்குள்ளேயே தன் பெயரை ஒளித்துவைத்துவிட்டான். பணிவா, பெருமிதமா, விளையாட்டா என்று பிரித்தறிய இயலாத வண்ணம் மூன்றும் அந்நகத்தளவுப் பொன்னில் கலந்துள்ளன.

பேரரசின் படைவலி குன்றிய காலம் அது. அரசனின் ஆணை எட்டாத இடங்களிலும் திருமலையின் பெயர் எட்டியது. மதுரையிலும் தஞ்சையிலும் செஞ்சியிலும் நாயக்கர்கள் தத்தம் போக்கில் நடந்துகொண்டிருந்தபோது, அவர்களும் மறுக்க முடியாத ஓர் உருவத்தைக் காசில் வைத்தது அரசியல் மதிநுட்பம் என்றே கொள்ள வேண்டும்.

இம்மதிநுட்பத்துக்குச் சான்று பகர வந்தவர்கள் ஆங்கிலேயர். 1639இல் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து சென்னைக் கடற்கரை நிலத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி பெற்றபோது, கோட்டை கட்டும் உரிமையோடு நாணயம் அடிக்கும் உரிமையையும் பெற்றது. நாயக்கர் மூன்றாம் வேங்கடரின் ஆளுகைக்கு உட்பட்டவர். அவ்வுடன்படிக்கை ராஜமகாலிலேயே எழுதப்பட்டது என்று சந்திரகிரியில் சொல்லிக்கொள்வர்; ஊர்ப்பெருமையாக அதை ஏற்றுக்கொள்ளலாம். இங்கு முதன்மையானது வேறொன்று. தம் அரசரின் தலையையோ கம்பெனியின் சின்னத்தையோ பொறித்துப் பொற்காசு அடிக்க ஆங்கிலேயருக்கு ஆசை இருந்திருக்கலாம். ஆனால் துணி நெய்து தரும் ஊர்களில் அக்காசை வாங்குவார் யார்? நெசவாளரும் தரகரும் அறிந்த பொன் வராகன். அவர்கள் அறிந்த முகம் மலையப்பனின் முகம். ஆகவே புனித சார்ச்சு கோட்டையின் நாணயச்சாலை விட்டுணு உருவத்தையே பொறித்தது. நாகப்பட்டினத்தில் ஒல்லாந்தரும் அவ்வாறே செய்தனர். ஒற்றைத் தெய்வம் நிற்பது ‘ஒரு சாமி’ வராகன். இருபுறமும் தேவியர் நிற்பது ‘மூன்று சாமி’ வராகன். ஞாயிறுதோறும் கோட்டைக்குள்ளிருந்த தேவாலயத்தில் தொழுத வணிகர்கள் வாரநாள்களில் வேங்கடவனையும் நாச்சியார் இருவரையும் ஆயிரக்கணக்கில் அச்சடித்தனர்.

படத்தை மாற்றுவதில் உள்ள இடர்ப்பாட்டை நன்கறிந்தவர் காசு நோட்டம் பார்ப்பவர். சங்ககாலத்தில் அவருக்கு வண்ணக்கர் என்று பெயர். சங்கப் புலவர் சிலரின் பெயரிலேயே அச்சொல் ஒட்டியிருக்கிறது. பிற்காலத்தில் அவர் சராபு. உரைத்து, நிறுத்து, ஐயமுற்றால் காசின் மேல் தம் சிறு முத்திரையையும் குத்திவிடுவார். பல கைகள் மாறிய காசில் இத்தகைய குத்துகள் மலிந்து கிடக்கும். ‘நாணயம்’ என்ற சொல்லுக்குத் தமிழில் காசு என்றும் நேர்மை என்றும் இரு பொருள் நிற்பதை இவரை நினைக்காமல் விளக்க முடியாது.

நாளடைவில் நிகழ்ந்தது வியப்புக்குரியது. அச்சைப் பார்த்து அச்சு வெட்டி, அதைப் பார்த்து மற்றோர் அச்சு வெட்டியதில் வேங்கடவனின் உருவம் தேய்ந்தது. கைகள் கோடுகளாயின; ஆடை புள்ளிகளாயிற்று. பின்புறத்தில் எழுத்து மறைந்து வெறும் மணிமணியான புள்ளிப்பரப்பு எஞ்சியது. வணிகருக்கு அதனால் குறையொன்றும் தோன்றவில்லை. புள்ளிகளின் அடுக்கே அடையாளமாகிவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னை நாணயச்சாலை அப்புள்ளிப்பரப்பின் நடுவே ஒரு விண்மீனைச் சேர்த்தது. ஆங்கிலேயர் அதை ‘ஸ்டார் பகோடா’ என்றனர். 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு ஸ்டார் பகோடா. ஆக 3,360 காசு.

அந்த விண்மீனைத் தமிழர் விண்மீனாகப் பார்க்கவில்லை. 1807, 1808 ஆண்டுகளை ஒட்டிச் சென்னையில் இயந்திரத்தால் அடித்த காசுகளில் ஒருபுறம் கோயில் கோபுரம், மறுபுறம் விட்டுணு. ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு என நான்கு மொழிகளில் மதிப்பு எழுதப்பட்டது. தமிழில் இருப்பது ‘பூவராகன்’. பாரசீகத்திலும் அதற்கு ஈடாகப் பூ எனப் பொருள்படும் சொல்லே உள்ளது. ஆங்கிலக் கண்ணுக்கு விண்மீன். இந்நாட்டார் கண்ணுக்கு மலர். தமிழ் எழுத்தில் மேலும் ஒரு மயக்கம் உண்டு. மலரைக் குறிக்கும் ‘பூ’வும் நிலமகளைக் குறிக்கும் வடசொல்லான ‘பூ’வும் ஒரே எழுத்து. ‘பூவராகன்’ என்று படித்தவருக்கு நிலமகளை ஏந்திய பூவராகப் பெருமாள் நினைவுக்கு வந்திருந்தால் அதைப் பிழையென்று தள்ள முடியாது. திருமலையில் புட்கரிணிக் கரையிலுள்ள வராகரை வணங்கிய பின்னரே வேங்கடவனை வணங்க வேண்டும் என்பது மரபு. காசின் பெயரில் வராகர், காசின் முகத்தில் வேங்கடவன்: முறை வழுவவில்லை.

1818இல் சென்னை மாகாணம் வெள்ளி ரூபாய்க்கு மாறியது. 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று விகிதம் குறிக்கப்பட்டது. அத்துடன் வேங்கடவன் செலாவணியிலிருந்து இறங்கினார்.

அரசனும் கம்பெனியும் அச்சில் செய்ததை மக்கள் கையால் செய்துவந்தனர். காசுக்குக் காது வைத்துக் கோத்தால் காசுமாலை, தெலுங்கில் ‘காசுலபேரு’. வெனிசு நகரப் பொற்காசுகள் இங்கு வந்தபோது பொற்கொல்லர் அவற்றைப் பார்த்துத் தாமே அவ்வச்சில் வார்த்து மாலையாக்கினர். அயல்நாட்டுப் புனிதரின் உருவம் உள்ளூர் மகளிரின் கழுத்தில் தொங்கியது. இராமர் பட்டாபிடேகத்தைப் பொறித்த ‘ராமடங்கா’ என்னும் வில்லைகள் எக்காலத்தும் செலாவணியில் இருந்தவை அல்ல. பூசையறைக்கென்றே செய்யப்பட்ட விளையாட்டுக் காசுகள் என்று அவற்றைச் சொல்லலாம். பத்மாவதியை மணக்கச் சீனிவாசன் குபேரனிடம் கடன் வாங்கிய தலபுராணக் கதையிலும், பிரமனும் சிவனும் சாட்சியிட்ட பத்திரத்தின்படி வாங்கப்பட்டவை இராமர் முத்திரை பொறித்த பொற்காசுகளே.

அக்கடனுக்கு வட்டியாகவே அடியார்கள் உண்டியலில் காணிக்கை இடுகின்றனர் என்பது மக்கள் நம்பிக்கை. ‘உண்டி’ என்பது வடநாட்டு வணிகரின் மாற்றுச்சீட்டு. ஓரூரில் கொடுத்த பணத்தை மற்றோர் ஊரில் பெற உதவும் தாள். ‘உண்டியல்’ என்னும் தமிழ்ச்சொல் அச்சீட்டையும் குறிக்கும், காணிக்கைப் பெட்டியையும் குறிக்கும். இலங்கைத் தமிழரிடையே பணம் அனுப்பும் முறைக்கு இன்றும் அதுவே பெயர். கடன் அட்டையின் முன்னோடியும் கடவுளின் பெட்டியும் ஒரே சொல்லில் குடியிருக்கின்றன. ‘கடன்’ என்பதும் அப்படியே: வாங்கியதும் கடன், நேர்ந்துகொண்டதும் நேர்த்திக்கடன்.

நேர்த்திக்கடனுக்கென ஒதுக்கிய காசை எவரும் வெறுங்காசாக வைப்பதில்லை. மஞ்சள் தோய்த்த துணியில் ஒரு ரூபாயை முடிந்து பூசையறையில் வைப்பர். புரட்டாசியில் செம்பின் மேல் நாமம் இட்டு அதையே உண்டியலாக்குவர். அரசு அச்சிட்ட அதே ஒரு ரூபாய், மஞ்சள் ஏறியபின் கடைக்குச் செல்லாது, சென்றால் குற்றம். வடிவமைப்பால் காசின் செலவிடத்தையே மாற்றிவிடும் இவ்வுத்திக்கு அச்சுக்கொல்லன் தேவையில்லை, ஆணை தேவையில்லை. கொஞ்சம் மஞ்சள் போதும்.

திருமலையில் தேவத்தானம் இன்று வேங்கடவன், பத்மாவதித் தாயார் உருவங்கள் பொறித்த பொன் வில்லைகளை விற்கிறது. சந்திரகிரி வேங்கடரின் வராகனைப் போலவே வட்டம், அதே தெய்வம், அதே உலோகம். அவற்றின் பெயர் ‘ஸ்ரீவாரி டாலர்’. சங்கிலியில் தொங்கும் பதக்கத்தைத் தமிழரும் தெலுங்கரும் டாலர் என்றே அழைக்கின்றனர். காசைத் துளையிட்டுக் கழுத்தில் அணிந்த வழக்கத்தின் எச்சம் அச்சொல்லில் இருக்கலாம். சித்தூரிலும் திருப்பதியிலும் நகைக்கடைக்குச் சென்று ‘டாலர்’ கேட்பவருக்கு அமெரிக்கா நினைவுக்கு வருவதில்லை.