பீங்கானின் அடியில் ஒரு வரலாறு

பழம்பொருள் சேர்ப்பவர் கையில் ஒரு ஜப்பானியப் பீங்கான் தட்டைக் கொடுத்தால், பூவேலையைக் கண்டு மகிழ்ந்த மறுகணமே அதைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பார். அழகு முகத்தில் உள்ளது. வரலாறு அடியில் உள்ளது. நாமும் அவ்வாறே கவிழ்த்துக் காண்போம்.

நீலமும் செம்மையும் பொன்னும் இழைந்த கைவண்ணக் கலங்களை உலகம் 'இமாரி' என்று அழைக்கிறது. ஆனால், இமாரி அவை கப்பலேறிய துறையேயன்றிப் பிறந்த ஊரன்று. பிறந்த ஊர் கியூசூ தீவிலுள்ள அரிட்டா. அக்கலைக்கு வித்திட்டவர்களோ அவ்வூராரும் அல்லர். 1592 முதல் 1598 வரை கொரியாமீது படையெடுத்த ஜப்பானியர், அந்நாட்டுக் குயவர் பலரைத் தம் நாட்டிற்குக் கொண்டுவந்தனர். அவருள் ஒருவரான யீ சாம்பியோங், இசுமியாமா மலையில் பீங்கானுக்குரிய வெண்கல்லைக் கண்டு 1616இல் சூளை மூட்டினார் என்பது வழிவழிச் செய்தி.

பின்னர், மெருகின்மேல் வண்ணம் தீட்டி மீண்டும் சுடும் நுட்பத்தால் சக்காயிடா கக்கியமோன் புகழ் பெற்றார். 1644இல் சீனத்து மிங் அரசு வீழ்ந்து அங்கு வாணிகம் குலையவே, டச்சுக் கம்பெனியார் நாகசாகியின் தெசிமா தீவிலிருந்து அரிட்டாவை நாடினர். 1659இல் பெருந்தொகையாகக் கலங்கள் கேட்டனர். ஜெர்மனியில் 1710இல் தோன்றிய மைசன் ஆலையும் கக்கியமோன் பாணியைப் பின்பற்றியது.

இனி அடியைப் பார்ப்போம். சில தட்டுகளில் சிறு தழும்புகள் இருக்கும்; அவை சூளையில் தட்டின் நடுப்பகுதி தொய்யாதிருக்கக் கொடுத்த முட்டுகளின் சுவடு. சிலவற்றில் மிங் அரசரின் பெயர் இருக்கும். அது சீனப் பாணியைப் போற்றி எழுதியதே, காலக்குறிப்பன்று. 1890ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைப் பொறிக்கச் சொன்னது. அதனால் 1891 முதல் 'நிப்பான்' என்று பொறித்தனர். அது ஆங்கிலச் சொல்லன்று என அமெரிக்கா மறுத்தமையால், 1921 முதல் 'ஜப்பான்' என்றாயிற்று. இரண்டாம் உலகப் போரில் தோற்றபின், 1952 வரையான அந்நிய ஆட்சியில், 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்ற முத்திரையும் பல பொருள்களில் விழுந்தது. தன் நாட்டின் பெயரையும் வாங்குவோன் விருப்பப்படி எழுத நேர்ந்த நிலையை என்னென்பது!

இம்முத்திரைகளைப் போலியாகப் பொறித்து விற்போரும் உளர். ஆதலின் முத்திரையை மட்டும் நம்பாது, மண்ணையும் மெருகையும் கைவேலையையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும்.

துறையின் பெயர் நின்றது. அரசரின் பெயர் நின்றது. சுங்கச் சட்டம் கேட்ட பெயரும் நின்றது. ஒருவர் கோடு இழுக்க மற்றொருவர் நீலம் நிரப்ப உழைத்தோருள் பெரும்பாலோர் பெயர் மட்டும் நிற்கவில்லை. எனினும் அரிட்டா மக்கள் யீ சாம்பியோங்கை மறக்கவில்லை. ஊரை நோக்கும் குன்றின்மேல் அவருக்கு நினைவுத்தூண் எழுப்பியுள்ளனர். வேற்று மண்ணிலிருந்து வலிந்து கொணரப்பட்டவரைத் தம் தொழிலின் முதல்வராக வணங்குகின்றனர். விலையை மட்டும் கேட்டு வாங்குவோன் பீங்கானைச் சேர்க்கிறான். இவ்வரலாற்றையும் உணர்ந்து வாங்குவோன் மனிதரைச் சேர்க்கிறான்.