தலைகீழ் கேக்கின் அடித்தட்டு

எங்கள் குடும்பத்தில் அந்தக் கேக்குக்கு ‘மாமா கேக்’ என்று பெயர். மாமா அடுப்பைப் பற்றவைத்து நான் பார்த்ததே இல்லை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஆயுசு முழுக்க வேலை பார்த்தவர். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவே வரும் அவருடைய பிறந்தநாளுக்கு, வருஷம் தவறாமல் அத்தை அதைச் செய்வார். மேலே அன்னாசி வளையங்களும் முந்திரியும் பதிந்து, ஓரமெல்லாம் பாகு வழிய, எவர்சில்வர் தாம்பாளத்தில் வரும். “மாமா கேக் வந்தாச்சு” என்று கத்துவோம். நாற்பது வருஷமாக அதே பெயர்தான்.

போன டிசம்பரில் அத்தை போன் செய்தார். “மணிக்கட்டுல தெம்பே இல்லடி. மாவெல்லாம் கலக்கிடுவேன். கவுக்கத்தான் முடியாது. ஒரு நடை வந்துட்டுப் போயேன்.”

மாமாவுக்கு அது 75-ஆவது பிறந்தநாள். சென்னையிலிருந்து கிளம்பினேன். எதையும் செய்வதற்கு முன் அதன் வரலாற்றைத் தோண்டிப் படிப்பது எனக்கு ஒரு வியாதி. திருச்சி போய்ச் சேர்வதற்குள் இந்தக் கேக் யாருடையது என்ற கேள்வியில் மாட்டிக்கொண்டேன்.

*

கவிழ்த்துச் செய்யும் பண்டங்களின் கதைகள் பெரும்பாலும் ஒரு ‘தவறில்’தான் தொடங்கும். பிரான்ஸின் லமோத்-பூவ்ரோன் ஊரில் தத்தான் சகோதரிகள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓட்டல் நடத்தினார்கள். சமையலைப் பார்த்துக்கொண்ட ஸ்டெஃபனி ஏதோ கவனப்பிசகில் ஆப்பிளை அடியில் வைத்துவிட்டாராம், அப்படிப் பிறந்ததுதான் ‘தார்த் தத்தான்’ என்பார்கள். அந்த வட்டாரத்தில் பழத்தை அடியில் வைத்துக் கவிழ்க்கும் டார்ட் அதற்கு முன்பே வழக்கத்தில் இருந்தது. ஆனாலும் ‘தவறு’ கதைக்குத்தான் மவுசு. ஒரு ஆண் செய்தால் கண்டுபிடிப்பு, பெண் செய்தால் தற்செயல்!

அமெரிக்காவில் இதற்கு ‘ஸ்கில்லெட் கேக்’ என்று பெயர் இருந்தது. ஸ்கில்லெட் என்பது கனமான இரும்பு வாணலி. எல்லார் வீட்டிலும் நம்பகமான ஓவன் இல்லாத காலம். வாணலியில் வெண்ணெயும் சர்க்கரையும் இளக்கி, கையில் கிடைத்த பழத்தை அடுக்கி, மேலே மாவை ஊற்றி மூடிவிடுவார்கள். அடியில் பழம் வேக, மேலே மாவு உப்பும். வெந்ததும் கவிழ்த்தால் அலங்காரம் தனியாகத் தேவையில்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பேக்கிங் பவுடர் வந்ததும், ஈஸ்ட் போட்டு மணிக்கணக்கில் காத்திருக்கும் வேலையும் போயிற்று. ஆப்பிள், செர்ரி, உலர்ந்த பிளம் என்று பருவத்துக்கு ஒரு பழம். யார் முதலில் செய்தார்கள் என்று கேட்பது, ரசத்தை முதலில் வைத்தது யார் என்று கேட்பதைப் போன்றதுதான்.

ஆனால் அன்னாசி போட்ட கேக்கைப் பற்றிப் பேசினால் ஒரே ஒரு பெயர் வந்து நிற்கும். டோல்.

*

ஜேம்ஸ் டோல் ஹார்வர்டில் படித்துவிட்டு 1899-இல் ஹவாய்த் தீவுக்கு வந்தார். அப்போது வயது 22. 1901-இல் ஹவாயியன் பைனாப்பிள் கம்பெனியைத் தொடங்கினார். அவருடைய கம்பெனியில் வேலை பார்த்த ஹென்றி ஜினாக்கா, அன்னாசியின் தோலைச் சீவி நடுத்தண்டைக் குடைந்து எடுக்கும் இயந்திரத்தை 1910-களில் வடிவமைத்தார். பழம் உருளையாக வெளியே வந்தது. உருளையை நறுக்கினால் வளையம். நம் கேக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் அந்த வளையம் ஒரு தொழிற்சாலையின் வடிவம். 1922-இல் டோல் கம்பெனி 11 லட்சம் டாலருக்கு லானாய் தீவை ஏறக்குறைய முழுசாக வாங்கி அன்னாசித் தோட்டமாக்கியது.

டின்கள் குவிந்தன. அமெரிக்கப் பெண்களுக்கு இதை வைத்து என்ன செய்வதென்று சொல்ல வேண்டும். 1925-இல் கம்பெனி ஒரு சமையல் குறிப்புப் போட்டி அறிவித்தது. 60,000 குறிப்புகள் வந்து குவிந்தன. அவற்றில் 2,500 அன்னாசித் தலைகீழ் கேக். இதையே கம்பெனி விளம்பரமாகவும் போட்டது. கேக் பிரபலமாயிற்று.

இந்த எண்ணைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஒருவரையொருவர் அறியாத 2,500 பேர் ஒரே கேக்கை எழுதி அனுப்புகிறார்கள் என்றால், அது ஏற்கெனவே அவர்கள் வீட்டு அடுப்பில் இருந்தது என்று அர்த்தம். கம்பெனி எதையும் கண்டுபிடிக்கவில்லை. வாணலிப் பெண்கள் தங்களுக்குத் தெரிந்ததில் ஆப்பிளை எடுத்துவிட்டு டின்னைத் திறந்தார்கள், அவ்வளவுதான். 1932-இல் பொருளாதார மந்தத்தில் டோலின் கையைவிட்டு நிர்வாகமே போனது. ஆனால் அவருடைய பெயர் டின்னின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. குறிப்பு எழுதிய பெண்கள் 2,500 என்ற எண்ணாக மட்டும் எஞ்சினார்கள்.

அதற்கும் அடியில் இன்னொரு தட்டு உண்டு. ஹவாய் ஒரு தனி நாடாக இருந்தது. 1893 ஜனவரியில், அமெரிக்கக் கடற்படை வீரர்கள் கரையிறங்கி நிற்க, தோட்ட முதலாளிகளும் வியாபாரிகளும் சேர்ந்து ராணி லிலியுவோகலானியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அடுத்து அமைந்த அரசுக்குத் தலைவரானவர் சான்ஃபோர்ட் டோல், ஜேம்ஸ் டோலின் உறவினர். 1898-இல் அமெரிக்கா தீவுகளைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அடுத்த வருஷம் ஜேம்ஸ் வந்து இறங்குகிறார். ராணியை இறக்கியதற்காக அமெரிக்க நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது 1993-இல், சரியாக நூறு வருஷம் கழித்து. அந்தத் தோட்டங்களில் ஜப்பானியர்களும் பிலிப்பினோக்களும் குனிந்து பழம் அறுத்தார்கள். டின் ஆலைகளில் பெண்கள் கையுறை போட்டுக்கொண்டு நின்றார்கள். அன்னாசியில் இருக்கும் புரோமெலெயின் என்ற நொதி புரதத்தை அரிக்கும். நமக்கு நாக்கு எரிவது அதனால்தான். நாளெல்லாம் அந்தச் சாற்றில் கை நனைத்தால் தோல் என்ன ஆகும்?

*

அத்தை வீட்டில் ஓவன் கிடையாது. இன்றைக்கும் குக்கர்தான். அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு ஆற்று மணல், அதன் மேல் ஒரு ஸ்டாண்டு. காஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டுப் பத்து நிமிஷம் சூடேற்ற வேண்டும். அதற்குள் அத்தை கேக் டின்னில் வெண்ணெயையும் நாட்டுச்சர்க்கரையையும் இளக்கிவிட்டார். நான் அன்னாசி வளையங்களை அடுக்கினேன்.

“இடைவெளி விடாத. நல்ல முந்திரியாப் பொறுக்கி, வளைவு கீழ பாக்குற மாதிரி வை. நாம வைக்கும்போது எது அடியோ அதான் மேல வரும், ஞாபகம் இருக்கட்டும்.”

முந்திரி பண்ருட்டியிலிருந்து வந்தது. அன்னாசியும் முந்திரியும் பக்கத்துப் பக்கத்தில் கிடப்பதைப் பார்த்தபோது, ரயிலில் படித்த ஒன்று நினைவுக்கு வந்தது. இரண்டுமே தென் அமெரிக்கா. இரண்டையும் பழக்கி, பெயர் வைத்தவர்களில் பிரேசில் பகுதியின் தூப்பி மக்கள் உண்டு. அவர்கள் ஒன்றை ‘நனா’ என்றார்கள், இன்னொன்றை ‘அகாஜு’ என்றார்கள். போர்த்துகீசியர் இரண்டையும் கப்பலில் ஏற்றி 16-ஆம் நூற்றாண்டில் நம் கடற்கரைகளில் இறக்கினார்கள். நனா ‘அனனாஸ்’ ஆகி நம்மிடம் ‘அன்னாசி’ ஆனது. அகாஜு ‘காஜு’ ஆகி இந்தியில் நின்றது, ஆங்கிலத்தில் ‘கேஷ்யூ’ ஆனது. ஆங்கிலேயர் நனாவைப் பார்த்துத் தங்கள் ஊர் பைன் மரத்துக் காயை நினைத்து ‘பைனாப்பிள்’ என்றார்கள். நாமோ, தெரியாமலேயே, அந்தப் பழத்தைப் பயிரிட்ட மக்களின் சொல்லை இன்றும் தள்ளுவண்டியில் கூவி விற்கிறோம்.

இன்னொரு சுவாரஸ்யம். பழம் ஹவாய்க்குப் போனபோது அங்கிருந்தவர்கள் அதை ‘ஹாலா கஹிகி’ என்றார்கள். ஹாலா என்றால் தாழை. அயல்நாட்டுத் தாழை. மலையாளத்தில் அன்னாசிக்குக் ‘கைதச்சக்க’ என்று பெயர். கைதை என்றாலும் தாழைதான். இரண்டு கடற்கரைகள், ஒரே பழத்தைப் பார்த்து ஒரே செடியை நினைத்திருக்கின்றன.

*

மாவை ஊற்றி, குக்கரை மூடி, தீயைக் குறைத்தோம். நாற்பத்தைந்து நிமிஷம். அடுப்படித் திண்ணையில் உட்கார்ந்து அத்தைக்கு ஆந்துவானின் கதையைச் சொன்னேன்.

அமெரிக்காவில் இந்தக் கேக்குக்கு முந்திரி போட மாட்டார்கள். பீக்கன் போடுவார்கள். அக்ரூட்டின் உறவுக்காரக் கொட்டை அது. விதை போட்டு முளைக்க வைத்தால் தாய்மரத்தின் குணம் அப்படியே வராது, மாம்பழம் மாதிரி. ஒட்டுக்கட்ட வேண்டும். பீக்கனில் அது லேசில் கைகூடவில்லை. 1840-களில் லூசியானாவின் ஓக் ஆலி கரும்புத் தோட்டத்தில் அடிமையாக இருந்த ஒரு தோட்டக்காரர் அதைச் செய்து காட்டினார். பெயர் ஆந்துவான். 16 மரங்களில் ஒட்டு பிடித்தது. மெல்லிய ஓடு, கையால் நொறுக்கலாம். அந்த ரகம் 1876-இல் பிலடெல்ஃபியா கண்காட்சியில் பரிசு வாங்கியது. பரிசு வாங்கியவர் அப்போதைய தோட்ட உரிமையாளர். ரகத்துக்கு வைத்த பெயர் ‘சென்டெனியல்’. நாட்டின் நூற்றாண்டுக்கு மரியாதை! ஆந்துவானின் பெயர் இருப்பது வேறொரு தாளில், எஜமானர் செத்த பிறகு எடுத்த சொத்துப் பட்டியலில். வயது, தோட்ட வேலை, ஒட்டுக்கட்டும் திறமை, பக்கத்தில் விலை ஆயிரம் டாலர். குடும்பப் பெயர் கிடையாது.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “பேராவது இருக்கே” என்றார்.

நான் இதற்காகத்தான் காத்திருந்தேன். “அத்தை, இனிமே இதுக்கு ‘அத்தை கேக்’னு பேர் மாத்திடலாம். மாமா என்ன செஞ்சார் இதுல? தின்னதைத் தவிர.”

அத்தை சிரித்தார். “நான் மட்டும் என்ன செஞ்சேன்? எனக்கு இது பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஆன்ட்டி சொல்லிக்குடுத்தது. அந்தக் காலனில ஆங்கிலோ இந்தியக் குடும்பங்க நிறைய. கல்யாணம் ஆகி வந்த புதுசு, எனக்கு யாரையும் தெரியாது. அவங்கதான் பின்பக்கக் கதவைத் தட்டி ஒரு துண்டு குடுத்தாங்க. மணல் போட்டுக் குக்கர்ல வைக்கிறது, நாட்டுச்சர்க்கரை போடறது, எல்லாம் அவங்க கைவேலை. அப்பறம் ஆஸ்திரேலியாவுக்குப் போயிட்டாங்க.”

“அவங்க பேரு?”

அத்தை யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார். “ஆன்ட்டின்னுதான்டி கூப்பிடுவோம்.”

ஊரான் வரலாற்றில் யார் பெயரை யார் மறைத்தார்கள் என்று ரயிலில் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். இங்கே யாரும் எதையும் திருடவில்லை. அன்பாகத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்படியும் பெயர் போய்விட்டது.

*

கேக்கை அடுப்பிலிருந்து எடுத்ததும் கவிழ்க்கக் கூடாது. பாகு ஓடிவிடும். ரொம்ப ஆறவிட்டால் பாகு இறுகி, பழம் டின்னிலேயே ஒட்டிக்கொள்ளும். ஐந்திலிருந்து பத்து நிமிஷம். அத்தை கடிகாரத்தைப் பார்க்கவில்லை, டின்னின் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். “இப்ப.”

தாம்பாளத்தை மேலே வைத்து அழுத்தி, இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் திருப்பினேன். அத்தை கரண்டியால் டின்னின் முதுகில் நாலு தட்டு தட்டினார். மெல்லத் தூக்கினேன். ஐந்து வளையங்கள் முழுசாக வந்தன. ஒன்று மட்டும் டின்னில் ஒட்டிக்கொண்டது. அத்தை அதைக் கத்தியால் நெம்பி எடுத்து அதனிடத்தில் பொருத்தி, விரலால் பாகைத் தடவினார். தடம் தெரியவில்லை.

அன்றிரவு என் நோட்டில் செய்முறையை எழுதினேன். தலைப்பில் ‘பொன்மலை ஆன்ட்டி சொல்லி, அத்தை செய்தது’ என்று போட்டேன். அத்தையின் முழுப்பெயரையும் எழுதினேன். பக்கத்தில் கொஞ்சம் இடம் காலியாக விட்டிருக்கிறேன். மாமாவின் பழைய சிநேகிதர்களிடம் அத்தை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

மாமா இரண்டு துண்டு சாப்பிட்டார். மூன்றாவதுக்குத் தட்டை நீட்டியபடி, “எத்தனை கடையில வாங்கினாலும் நம்ம கேக் மாதிரி வராது” என்றார். அத்தை என்னைப் பார்த்தார்.