பொறியும் வட்டும்: கணினி வரலாறு புகட்டும் பாடம்

வன்னிநாட்டின் பழங்கதையைக் கூறும் வையாபாடல் நெடுங்காலம் ஏட்டுப் பிரதிகளிலே வாழ்ந்து, பின்னரே அச்சேறியது. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் அரிது; எகர ஏகார வேறுபாடும் வரிவடிவில் விளங்காது. ஆகவே ஓலை கையிலிருத்தல் மாத்திரம் போதாது. அதனைப் படிக்கவல்லாரும் வேண்டும். ஓலைக்கு உரிய இவ்வுண்மை கணினிக்கும் உரியதென்பதைக் கடந்த அறுபது ஆண்டு வரலாறு காட்டுகின்றது.

ஒரு கணினியைப் பிறிதொரு கணினியாக இயங்கச் செய்யும் முறை பெரும்பொறிகளிடையே தோன்றியது. 1964ஆம் ஆண்டு ஏப்பிரலில் ஐ.பி.எம். நிறுவனம் சிஸ்டம் 360 என்னும் கணினி வரிசையை அறிவித்தது. ஆனால் 1401 என்னும் பழைய பொறிக்கெனத் தாம் எழுதிய நிரல்களைக் கைவிட அதன் வாடிக்கையாளர் விரும்பவில்லை. ஆதலின், புதிய பொறி பழைய பொறியின் கட்டளைகளையும் ஏற்று நடக்குமாறு அதனுள்ளே நுண்கட்டளைகள் அமைக்கப்பட்டன. அவ்வமைப்பு எமுலேற்றர் எனப்பட்டது. தமிழில் அதனைப் போன்மி என்பர்.

வீடுகளுக்குக் கணினி வந்த காலத்தில் இம்முயற்சி தனியாரின் கைக்கு வந்தது. அப்பிள் நிறுவனத்தின் மக்கின்ரோஷ் 1984இலும், அதனினும் விலை குறைந்த அற்றாரி எஸ்.ரீ. 1985இலும் வெளிவந்தன. இரண்டிற்கும் மூளை ஒன்றே. மோட்டறோலா 68000 என்னும் சில்லு. இவ்வொற்றுமையைக் கண்ட டேவிட் சுமோல் என்பவர் 1986இல் மஜிக் சாக் என்னும் சிறு பேழையை ஆக்கினார். அப்பிளின் நிலைநினைவகச் சில்லுகளை வாங்கி அதிற் பொருத்தி எஸ்.ரீ.யிற் செருகினால், மக்கின்ரோஷின் திரையே அதன் திரையில் தோன்றும்.

ஆயினும் ஒரு தடை எஞ்சிநின்றது. இரு கணினிகளும் மூன்றரை அங்குல வட்டையே கொண்டன. ஒன்றின் வட்டு மற்றதன் வாயினுள் இலகுவாக நுழையும். ஆனால் அதனைப் படித்தல் இயலாது. மக்கின்ரோஷ் தன் வட்டைத் தடத்துக்கேற்ப வேகத்தை மாற்றிச் சுழற்றியது. வெளித்தடத்தில் 12 கூறுகளும் உட்தடத்தில் 8 கூறுகளுமாக எழுதியது. எஸ்.ரீ.யோ நிமிடத்துக்கு 300 சுற்றென்னும் மாறா வேகத்தில், வழக்கமாகத் தடமொன்றுக்கு 9 கூறுகளாக எழுதியது. பொறி போன்மியாயிற்று, வட்டோ அந்நியமாகவே இருந்தது. கோப்புகளைக் கம்பிவழி ஒவ்வொன்றாகக் கடத்த வேண்டியிருந்தது. 1989இல் வந்த ஸ்பெக்ரர் ஜி.சி.ஆர். என்னும் கருவி எஸ்.ரீ.யின் வட்டியக்கியில் மக்கின்ரோஷ் வட்டைப் படிக்க வழிசெய்தது. நண்பர் இருவர் வட்டை மாற்றிக்கொள்ளும் எளிய காரியம் அத்தகைய கருவியால் கைகூடியது.

இவ்விரண்டு பூட்டுகளுக்கு மேலாகத் தமிழருக்கு மூன்றாவது பூட்டொன்றும் இருந்தது. அது எழுத்து. இலங்கையிற் பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துரு, உரோம எழுத்துகளின் இடங்களிலே தமிழ் வடிவங்களை அமைத்தது. அவ்வெழுத்துருவில் ‘அம்மா’ எனத் தட்டச்சிட்டதை அஃதில்லாத கணினியில் திறந்தால், எம், கே, ஓர் அரைப்புள்ளி, மீண்டும் கே, எச் என்பனவே தோன்றும். பொறியும் இயங்கியது, வட்டும் படிக்கப்பட்டது. தாயின் பெயர் மாத்திரம் மறைந்துபோயிற்று. 1991இல் வெளிவந்த யூனிக்கோடு ஒவ்வோர் எழுத்துக்கும் பொது எண் வகுத்தது. எனினும் அது நடைமுறையில் வேரூன்றுவதற்குப் பல ஆண்டுகள் சென்றன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் முன்னைய குறியீடுகளில் வெளியிட்ட நூல்களைப் பின்னர் யூனிக்கோட்டில் வழங்கலாயிற்று.

இச்செய்தி வன்னிக்கு எவ்வாறு பொருந்தும்? போர்க்காலத்தில் நாட்டின் மின்வலையமைப்பு எட்டாத நிலையில், மின்பிறப்பாக்கியின் துணையோடே வன்னியிற் கணினிகள் இயங்கின. 2008, 2009ஆம் ஆண்டுகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் ஊரூராக இடம்பெயர்ந்தபொழுது வீட்டோடு ஏடும் கடிதமும் பதிவேடும் அழிந்தன. அவ்வழிவுக்குத் தப்பிய வட்டொன்று எவர் பெட்டியிலேனும் கிடக்குமாயின், அஃது ஒரு குடும்பத்தின் அல்லது ஒரு பாடசாலையின் ஒரே சான்றாக இருத்தல் கூடும். அதன் காந்தப்பூச்சோ ஆண்டுதோறும் நலிகின்றது, வட்டியக்கிகளும் அருகிவிட்டன.

ஆகவே செய்யத்தக்கன மூன்று. வட்டின் முழு உள்ளடக்கத்தையும் மாற்றமின்றி ஒரே கோப்பாகப் பிரதிசெய்தல் முதலாவது. வட்டுப்படிமம் எனப்படும் அக்கோப்பையே போன்மிகள் வட்டாக ஏற்கும். எக்கணினியில், எம்மென்பொருளால், எவ்வெழுத்துருவில் எழுதப்பட்டதென உடன் குறித்துவைத்தல் இரண்டாவது. தமிழுரையை யூனிக்கோட்டுக்கு மாற்றி, மூலத்தையும் பேணுதல் மூன்றாவது. 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவிலும், கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள பொறியியற் பீடத்திலும் பயிலும் மாணவர்க்கு இவை அரிய வேலைகளல்ல.

ஏட்டைப் பேணியோரும் ஏட்டைப் படிக்கவல்லோரும் ஒருங்கு கூடியமையாலேயே பழந்தமிழ் நூல்கள் நமக்குக் கிடைத்தன. வட்டைக் காப்பதோடு அதனைப் படிக்கும் வழியையும் காப்போமாயின், நமக்குப் பின் வருவோர்க்கும் அப்பேறு கிட்டும்.