வாய்ச்சியும் மின் இழைப்புளியும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்திலிருந்து தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் சென்றால் கடப்பாக்கம் வரும். பெரும்பாலோர் அங்கே இறங்குவது ஆலம்பரைக் கோட்டையைப் பார்ப்பதற்காகத்தான். 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1760இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்டு, 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் மேலும் சிதைந்த அந்த மதில்களைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. இலக்கிய வாசகர்களுக்கு இவ்வூர் வேறொரு வகையில் நெருக்கமானது. கடலுக்கும் கழிக்கும் நடுவே கிடக்கும் இந்நிலம்தான் இடைக்கழிநாடு. சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனாரின் நாடு. எயிற்பட்டினத்துக் கரையில் அலைகள் கொணர்ந்து ஒதுக்கிய நறுமண மரங்கள் உறங்கும் ஒட்டகங்களைப் போலக் கிடப்பதையும், நுளையர் பெண் அவற்றை விறகாக்கி எரிப்பதையும் அவர் காட்டுகிறார்.

நாம் பேச வந்தது எரிந்த மரத்தைப் பற்றியன்று. இக்கரையில் செதுக்கப்பட்ட மரத்தைப் பற்றியும், அதைச் செதுக்கிய கருவியைப் பற்றியும்.

கட்டுமரம் என்னும் சொல் ஆங்கிலத்துக்குப் போன கதை பலரும் அறிந்ததே. வில்லியம் டேம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தை அப்பெயராலேயே குறித்தார். பின்னர் 1876இல் அமெரிக்காவில் ஹெர்ரஷாஃப் என்பவர் இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகைச் செய்ததிலிருந்து, மேனாட்டில் அச்சொல் நம் கட்டுமரத்தோடு எந்த உறவும் இல்லாத வேறொரு கலத்தின் பெயராகிவிட்டது. சென்னை மாகாண மீன்வளத் துறையில் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகுகளின் வடிவங்களைப் பற்றி எழுதிய நூல் இன்றும் இத்துறையில் முதன்மையானது. சொல்லும் வடிவமும் இவ்வாறு பதிவாகிவிட்டன. கருவியைப் பிடித்த கையைப் பற்றித்தான் நாம் குறைவாகப் பேசியிருக்கிறோம்.

கட்டுமரம் ஏதோ நாலு கட்டையைக் கயிற்றால் கட்டியது என்று நினைப்பவர்கள் அதை அருகில் பார்த்திராதவர்கள். நடுக்கட்டை தாழ்ந்தும் பக்கக் கட்டைகள் உயர்ந்தும் அமைய வேண்டும். அணியம் மேல்நோக்கி வளைய வேண்டும். கரையில் அவிழ்த்து உலர்த்தி மறுபடி கட்டும்போது கட்டைகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். இவ்வளவையும் பெரிதும் வாய்ச்சியைக் கொண்டே செய்தார்கள். வாய்ச்சிக்கு அளவுத் திருகு கிடையாது. எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும் என்பது மணிக்கட்டின் சாய்வில் இருக்கிறது. ஒரே வரிசை வெட்டில் அணியத்தருகே ஆழமாகத் தொடங்கி, நடுவில் மேலாகச் சீவி, அமரத்தருகே மறுபடி ஆழமாக இறங்க முடியும். வளைவு பிறப்பது அங்கேதான்.

இதே கருவியின் இன்னோர் உறவினரை ஹவாய்த் தீவுகளில் பார்க்கிறோம். குக்கின் மாலுமிகள் 1778-79இல் அங்கே கண்ட அலைச்சறுக்குப் பலகைகள், எரிமலைக் கல்லால் ஆன வாய்ச்சியால் செதுக்கப்பட்டு, பவழக்கல்லால் தேய்த்து மெருகேற்றப்பட்டவை. அவர்கள் விரும்பிய மரங்களில் ஒன்று விலிவிலி. அது நம் வேலிகளில் நிற்கும் கல்யாண முருங்கையின் இனத்தைச் சேர்ந்தது. எடை மிகக் குறைந்தது. தொடர்பு ஏதும் இருந்ததாக நாம் சொல்ல வரவில்லை. எடையற்ற மரத்தை அலைக்கு ஏற்ப வளைக்க வேண்டிய தேவை இரு கரைகளிலும் ஒரே கருவியைக் கேட்டது, அவ்வளவே.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மரத்தின் இடத்தை நுரை பிடித்தது. கலிஃபோர்னியாவில் ஹோபி ஆல்ட்டரும் கார்டன் கிளார்க்கும் 1958 வாக்கில் பாலியூரித்தேன் நுரைக்கட்டைகளை வார்க்கத் தொடங்கினர். கிளார்க் 1961இல் தனியே பிரிந்து தொடங்கிய நிறுவனம் நெடுங்காலம் அச்சந்தையை ஆண்டது.  பலகை செய்வோர் தச்சர்களின் மின் இழைப்புளியை எடுத்துக்கொண்டார்கள். அவற்றுள் பெயர் பெற்றது ஸ்கில் 100. கதவுகளை நிலைக்கு ஏற்றபடி சீவுவதற்காகச் செய்யப்பட்ட இயந்திரம் அது.

ஏன் அதுவே? மின் இழைப்புளியின் அடியில் இரண்டு தகடுகள் உண்டு. பின் தகடு கத்தி சுழலும் வட்டத்தோடு சமமாக நிற்கும். முன் தகடு எவ்வளவு மேலே ஏறுகிறதோ அவ்வளவு ஆழம் கத்தி வெட்டும். சாதாரண இயந்திரத்தில் முன் தகட்டை ஏற்றி இறக்க ஒரு திருகு இருக்கும்; அது படிப்படியாக ‘கிளிக்’ என்று நிற்கும். அளவை வைத்துவிட்டு வேலையைத் தொடங்குவதே அதன் முறை. ஸ்கில் 100இலோ முன்புறத்தில் ஒரு நெம்புகோல் இருந்தது. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இடக்கை அதைத் தள்ளி ஆழத்தை மாற்றலாம். பலகையின் நுனியில் 3 மி.மீ., நடுவில் ஏறக்குறைய ஒன்றுமில்லை, வாலில் மீண்டும் 2 மி.மீ. என்று ஒரே நடையில் சீவிவிடலாம். நிலையான ஆழத்தில் சீவினால் படிக்கட்டுகள் விழும். பிறகு அவற்றைத் தேய்த்தே சாக வேண்டும். நுரைக்கட்டையின் மேற்தோலே அடர்ந்தது, உள்ளே போகப் போக மென்மை. ஆகவே வீணாகத் தேய்த்த ஒவ்வொரு மில்லிமீட்டரும் பலகையின் வலுவில் குறைகிறது.

கதவுக்காகச் செய்த அந்த நெம்புகோல், வாய்ச்சி பிடித்த மணிக்கட்டை இயந்திரத்துக்குள் திருப்பிக் கொண்டுவந்தது என்றே நாம் கருதுகிறோம். செய்த நிறுவனத்துக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. தச்சர்களுக்கு மலிவான, இலேசான இயந்திரங்கள் வந்ததும் அந்த மாதிரியின் உற்பத்தி நின்றுபோனது. பழைய ஸ்கில்களைப் பலகைக்காரர்கள் தேடித்தேடி வாங்கிப் பதுக்கினார்கள்.

மாற்றியமைக்கும் கலை இங்கேதான் தொடங்குகிறது. ஹிட்டாச்சியின் 82 மி.மீ. அகல இழைப்புளி ஒன்றை எடுத்து, ஆழத் திருகில் ‘கிளிக்’ என்று தடுக்கும் அமைப்பை நீக்கி, விரல்பட்டாலே வழுக்கிச் சுழலும்படி செய்தார்கள். தகடுகளின் கூரிய விளிம்புகள் நுரையில் தழும்பிடாதபடி அரத்தால் உருட்டினார்கள். கதவின் ஓரத்தைச் சாய்ப்பதற்கான பக்கச் சட்டத்தைக் கழற்றி எறிந்தார்கள். தூசி வெளிவரும் வாயில் உறிஞ்சு குழாயைப் பொருத்தினார்கள். பின்னர் கத்தியையே எடுத்துவிட்டு, அதனிடத்தில் சொரசொரப்பான துகள் பதித்த உருளையை வைத்தார்கள். கத்தி பிய்த்தெடுக்கும் நுரையை உருளை அரைத்தெடுக்கும். 2005 டிசம்பர் 5 அன்று கிளார்க் தம் நிறுவனத்தை முன்னறிவிப்பின்றி மூடியபோது பலர் தெர்மகோல் வகை நுரைக்கு மாறினார்கள். மணிமணியாகப் பெயர்ந்துவிடும் அந்நுரைக்கு இந்த உருளையே பொருந்தியது.

இனி நம் கரைக்கு. கோவளத்தில் மூர்த்தி மேகவனும் அவருக்குப் பின் வந்த மீனவ இளைஞர்களும் அலைச்சறுக்கை வேரூன்றச் செய்தார்கள். 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் சர்வதேசப் போட்டியே நடந்தது. ஆனால் அவர்கள் காலடியில் இருக்கும் பலகைகளில் பெரும்பாலானவை வெளியிலிருந்து வருபவை. கரையிலோ ஃபைபர் படகுகள் கட்டுமரத்தின் இடத்தைப் பிடித்துவிட்டன. வாய்ச்சி பிடித்த தலைமுறைக்கு வேலை இல்லை. வளைவைக் கண்ணால் அளக்கத் தெரிந்தவர்கள் ஓய்ந்து உட்கார்ந்திருக்கும் அதே கரையில், வளைந்த பலகை விமானத்தில் வந்து இறங்குகிறது. இதை வெறும் வணிக நடப்பு என்று கடந்துபோக நமக்கு மனமில்லை.

இங்கே ஒருவர் பலகை செய்யத் துணிந்தால் எந்த இழைப்புளியை வாங்குவது? பழைய ஸ்கில்லை அமெரிக்காவிலிருந்து தருவிப்பது பக்தியாளர் வேலை. அது 115 வோல்ட்டில் ஓடுவது. நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் சொருகினால் புகைந்துவிடும். மின்னழுத்தம் குறைக்கும் மின்மாற்றியை மணலுக்கும் உப்புக்காற்றுக்கும் நடுவே காப்பாற்ற வேண்டும். உதிரிபாகமும் கிடைக்காது. நம் கடைகளில் விற்கும் 82 மி.மீ. இயந்திரங்களே போதும் என்பது நம் கருத்து. ஆனால் ஆழத்தைப் பார்த்து வாங்க வேண்டும்: மகிட்டா என்1900பி ஒரு நடையில் 1 மி.மீ. மட்டுமே வெட்டும், பாஷ் ஜிஎச்ஓ 6500 சுமார் 2.6 மி.மீ. வரை இறங்கும். நெம்புகோல் போல ஆழத்தை மாற்ற நினைப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. திருகின் தடையை நீக்குவது ஊர்ப் பட்டறையில் ஆகிற வேலைதான். தடை நீங்கிய திருகு அதிர்வில் தானே நகர்ந்துவிடாதபடி ஒரு ரப்பர் வளையம் இறுக்கம் கொடுக்கும். அதோடு வாய்ப்பட்டை, காதடைப்பு. ஃபைபர் படகு வேலையில் இருமிப் பழகியவர்களுக்கு இதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

கட்டையைப் பொறுத்தவரை, பாக் நீரிணைப் பகுதி மீனவர்கள் நெடுநாளாகவே தெர்மகோலைக் கொண்டு ஒற்றையாள் தெப்பம் செய்து கடலுக்குப் போகிறார்கள். அதே பொருளில் அடர்த்தி கூடிய வகையை எடுத்து, நடுவே ஒரு மரப்பட்டையை ஒட்டி, மேலே எபாக்சி பூச வேண்டும். படகுக்குப் பூசும் பாலியெஸ்டர் பிசினை ஊற்றினால் தெர்மகோல் கரைந்து போய்விடும். நடுவில் ஓடும் அந்த மரப்பட்டையில் இழைப்புளி ஏறும்போது ஒலி மாறும். நுரையில் சீறிய இயந்திரம் அங்கே முனகும். அப்போது கையைத் தளர்த்தி, ஆழத்தைக் குறைத்து, நடையை நிறுத்தாமல் போக வேண்டும். மரத்தின் கணுவில் வாய்ச்சி பட்டால் என்ன செய்வது என்று தெரிந்த ஒரு பெரியவர் ஆலம்பரைக் குப்பத்துப் பக்கம் இன்னும் இருக்கக்கூடும். பட்டறை வைக்க நினைக்கும் தம்பிகள் முதல் கட்டையைச் சீவுவதற்கு முன் அப்படி ஒருவரைக் கூப்பிட்டு அருகில் உட்கார வைத்துக்கொள்வது நல்லது.